சான்றிதழும் கைப்பழக்கமும்: செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டும் மதுரை வட்டாரத்து முதலுதவியும்

விபத்தோ திடீர் நோயோ நேர்ந்த இடத்தில், மருத்துவரோ செவிலியரோ வந்து சேரும் வரை, அங்கே இருக்கும் ஒருவர், கைக்குக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, பாதிக்கப்பட்டவரின் உயிரைக் காக்கவும் நிலைமை மேலும் கெடாமல் தடுக்கவும் செய்யும் உதவியே முதலுதவி எனப்படும். இவ்வரையறையில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது ‘அங்கே இருக்கும் ஒருவர்’ என்னும் பகுதியாகும். இதயத்துடிப்பு நின்றுபோனவரின் மூளை ஏறத்தாழ நான்கு நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குகிறது. தொடையிலுள்ள பெருந்தமனி அறுந்தவர் அதற்கும் முன்னதாகவே இரத்தமிழந்து மாளக்கூடும். எத்துணை விரைவான ஊர்தியும் அந்தச் சில நிமிடங்களுக்குள் வந்து சேர்வது அரிது என்பதால், அந்நேரத்து மருத்துவம் முழுவதும் அருகில் நிற்கும் அண்டைவீட்டாரின் கையிலோ, உடன் பயணிப்பவரின் கையிலோ, தேநீர்க் கடைக்காரரின் கையிலோதான் இருக்கிறது. அந்தக் கைகளைப் பழக்குவதையே தன் முதல் தொண்டாகக் கொண்டு எழுந்தது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்னும் தன்னார்வ அமைப்பு. அதன் வரலாற்றையும், அது மதுரை வட்டாரத்து வாழ்வில் கலந்துள்ள விதத்தையும் ஆராயும் இவ்வுரை, அத்தகைய அமைப்பின் செல்வம் ஊர்திகளோ கட்டடங்களோ அன்று, பழக்கம் விடாத கைகளே என்பதையும், கைப்பழக்கம் சான்றிதழைவிட விரைவில் பழசாகிவிடுகிறது என்பதையும் நிறுவ முற்படுகிறது.

அமைப்பின் பெயர் மிகப் பழமையானது. பதினோராம் நூற்றாண்டில் எருசலேமில் திருப்பயணிகளுக்காக நடத்தப்பட்ட ஒரு மருத்துவமனையைச் சார்ந்து உருவான துறவியர் சபைக்கு 1113ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் ஏற்பு கிடைத்தது. புனித யோவானின் பெயர் தாங்கிய அச்சபையின் எண்முனை வெண்சிலுவையே இன்றும் அமைப்பின் சின்னமாக உள்ளது. எனினும் இன்றைய தொண்டின் உண்மையான தொடக்கம் தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தைச் சேர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரயில் பாதைகளிலும் பஞ்சாலைகளிலும் தொழிலாளர் நாள்தோறும் காயமுற்று, மருத்துவரிடம் கொண்டுசெல்லப்படும் வழியிலேயே இறந்துகொண்டிருந்த நிலையில், 1877ஆம் ஆண்டில் இலண்டனில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் நிறுவப்பட்டது. ‘ஆம்புலன்ஸ்’ என்னும் சொல் இன்று ஊர்தியை மட்டுமே நினைவூட்டினாலும், அக்காலத்தில் அது போர்க்களத்தில் காயமுற்றோரைப் பேணும் ஏற்பாடு முழுவதையும் குறித்தது. அந்த ஏற்பாட்டை அமைதிக் காலத்து மக்களிடம் கொண்டுசேர்ப்பதே சங்கத்தின் நோக்கம்.

இந்நோக்கத்திற்கு வடிவம் தந்தவர்களுள் பீட்டர் ஷெப்பர்ட் என்னும் இராணுவ மருத்துவர் தனித்துக் கூறத்தக்கவர். அவரும் கர்னல் பிரான்சிஸ் டங்கனும் 1878ஆம் ஆண்டில் வூல்விச்சில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகளைத் தொடங்கினர். அதுவரை இராணுவ மருத்துவப் பணியாளர்க்கு மட்டுமே கற்பிக்கப்பட்டுவந்த ஒரு திறனை, மருத்துவம் பயிலாத ஆணும் பெண்ணும் சில மணிநேரப் பயிற்சியில் பெற முடியும் என்று கருதியது அந்நாளில் துணிவான முடிவாகும். அரைகுறை அறிவு ஆபத்தானது என்னும் தயக்கம் மருத்துவர்களிடையே இருந்த காலம் அது. ஷெப்பர்ட் பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1879 சனவரி 22 அன்று இசண்டல்வானா போர்க்களத்தில் பின்வாங்கும் வழியில், காயமுற்ற ஒரு வீரருக்கு உதவ நின்றபோது கொல்லப்பட்டார். அவர் தொடங்கிவைத்த வகுப்புகள் சுரங்கத் தொழிலாளரிடமும் இரயில்வே ஊழியரிடமும் காவலரிடமும் வேகமாகப் பரவின. பயிற்சி பெற்றவர்கள் சீருடையணிந்து பொது நிகழ்வுகளில் பணிபுரிவதற்கான படைப்பிரிவு 1887இல் அமைந்தது. சங்கம் கற்பிக்கும்; படை களத்தில் நிற்கும். இவ்விரு கிளைகளே பின்னர் உலகின் பல நாடுகளிலும் இவ்வமைப்பின் வடிவமாயின.

ஜெர்மானிய அறுவை மருத்துவர் எஸ்மார்க்கின் பங்கையும் இங்குச் சேர்த்தே எண்ண வேண்டும். முக்கோணக் கட்டுத்துணியை, அதாவது ஒரு சதுரத் துணியைக் குறுக்காக வெட்டியெடுத்த முக்கோணத் துண்டை, தலை முதல் பாதம் வரை எங்கும் பயன்படுத்தலாம் என்பதைப் பரப்பியவர் அவர். பொதுமக்களுக்கான முதலுதவிப் பள்ளியை 1882இல் கீல் நகரில் நிறுவியவரும் அவரே. முறிந்த கையை மார்போடு சேர்த்துத் தொட்டிலிட்டுத் தாங்கவும், பீறிடும் காயத்தின்மேல் அழுத்திக் கட்டவும், முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்துப் பிணிக்கவும் அந்த ஒரு துணி போதும். தோளில் துண்டு போட்டுக்கொண்டே வயலுக்கும் சந்தைக்கும் செல்லும் மதுரைச் சீமையின் ஆண்களும், சேலை முந்தானையோடு வாழும் பெண்களும் அந்த முதலுதவிக் கருவியை எப்போதும் உடன் வைத்திருப்பவர்களே ஆவர். அதனை மடித்துக் கட்டும் விதத்தைக் கற்பிப்பது மட்டுமே எஞ்சியுள்ளது.

இந்தியாவில் இவ்வமைப்பின் வரலாறு செஞ்சிலுவைச் சங்கத்தின் வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் இந்தியக் குழு 1910ஆம் ஆண்டில் அமைந்தது. முதல் உலகப் போரின்போது செயின்ட் ஜான் சங்கமும் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கமும் கூட்டுக் குழுவாகச் செயல்பட்டன; போர் முடிந்தபின் அக்குழுவின் பணிகளைத் தொடரும் பொருட்டே 1920ஆம் ஆண்டின் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் இரு அமைப்புகளுக்கும் குடியரசுத் தலைவரே தலைவராக விளங்குகிறார். ஊர்களில் பல சமயம் இரண்டின் பணிகளும் ஒரே ஆட்களால் நடத்தப்படுகின்றன. ஒரு கிறித்துவ சபையின் பெயரைத் தாங்கியிருந்தும், எல்லாச் சமயத்தாரும் பயிற்சி பெறவும் பயிற்சி அளிக்கவும் கூடிய பொது அமைப்பாக அது இந்நாட்டில் வேரூன்றியுள்ளது.

ஆனால் இந்தியர்கள் முதலுதவித் தொண்டில் பெருந்தொகையாக இறங்கிய நிகழ்ச்சி அந்தக் குழு அமைவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, கடல்கடந்த மண்ணில் நடந்துவிட்டது. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, காந்தியடிகள் முன்னின்று இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அப்படையில் சுமார் 300 பேரே சுதந்திர இந்தியர். எஞ்சியோர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள். அங்குள்ள நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளருள் மிகப் பலர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமாக இருந்தமையால், தமிழகத்தின் முதலுதவி வரலாற்றை எழுதுவோர் தம் முதல் அத்தியாயத்தை இந்தப் பெயரறியா மனிதர்களுக்குத் தருவதே நேர்மை. ஒரு சிறிய அற மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் பூத் அவர்களுக்குக் காயமுற்றோரைப் பேணும் பயிற்சி அளித்தார். கொலென்சோ, ஸ்பியன் காப் போர்க்களங்களில் அவர்கள் அடிபட்டவர்களைத் தூக்குப்படுக்கையில் ஏந்திக்கொண்டு ஒரு நாளில் இருபது மைலுக்கும் மேல் நடந்தனர். 1906இல் நடந்த சூலு எழுச்சியின்போது அமைந்த சிறிய படையோ, வெள்ளையர் தொடவும் மறுத்த சூலு மக்களின் புண்களைக் கழுவிக் கட்டியது. காயத்தைப் பார்க்கும்போது காயமுற்றவர் யார் எனப் பாராதிருத்தல் என்னும் நெறி அங்கே செயலாகவே நிறைவேறியது.

மீண்டும் 1914இல் காந்தியடிகள் இலண்டனில் இருந்தபோது இந்தியத் தன்னார்வலர்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தியவர் ஜேம்ஸ் காண்ட்லி. செயின்ட் ஜான் அமைப்பின் முதலுதவிக் கையேட்டை எழுதியவரும், சீனத் தலைவர் சன் யாட்-சென்னுக்கு மருத்துவ ஆசிரியராயிருந்தவரும் அவரே. மதுரையில் தமுக்கம் மைதானத்தை அடுத்துள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்திற்குப் பள்ளி மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், உப்பையும் இராட்டையையும் விளக்கும்போது, தூக்குப்படுக்கை சுமந்த காந்தியையும் மாணவர்க்கு அறிமுகம் செய்வார்களாயின் நன்று.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதலுதவிப் பயிற்சி பரவியதற்குத் தொண்டுள்ளத்தோடு சட்டமும் துணைநின்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்க்கு ஒன்று என்ற விகிதத்தில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்றும், அது முதலுதவிச் சான்று பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருந்து அவர் வேலை நேரம் முழுவதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தனியே ஓர் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றும் வகுத்தது. பஞ்சாலைகளால் வளர்ந்த மதுரை நகரில், நூற்புப் பொறியில் விரல் நசுங்கிய தொழிலாளியின் கையை முதலில் பற்றியது பல வேளைகளில் இத்தகைய சான்று பெற்ற சக தொழிலாளியின் கையாகவே இருந்திருக்கும். இரயில்வேயில் இப்பயிற்சி இன்னும் ஆழமாக வேர்விட்டது. காவலர், நிலைய அதிகாரி, பாதைப் பராமரிப்பாளர் எனப் பல நிலை ஊழியரும் செயின்ட் ஜான் வழியாகப் பயிற்சி பெறுகின்றனர். கோட்டங்களுக்கிடையே முதலுதவிப் போட்டிகளும் நடைபெறுகின்றன. முதல் தேர்வில் சான்று, அடுத்ததில் வவுச்சர், மூன்றாவதில் பதக்கம் என்று ஆண்டாண்டாக ஏறிச்செல்லும் படிநிலை அமைக்கப்பட்டிருப்பதன் உட்பொருள், ஒருமுறை தேர்ச்சி பெற்றவர் மீண்டும் மீண்டும் வந்து தம் கைகளைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே.

இந்தப் படிநிலை செயல்படாமல் நின்றுவிட்ட இடம் ஒன்று தமிழகத்தின் ஒவ்வொரு பேருந்திலும் உள்ளது. தமிழ்நாட்டில் நடத்துநர் உரிமம் வேண்டுவோர் தம் விண்ணப்பத்துடன் முதலுதவிச் சான்றையும் இணைக்க வேண்டும். நெடுங்காலமாக அச்சான்றின் பெயரே இளைஞர் பேச்சில் ‘செயின்ட் ஜான் சர்டிபிகேட்’ என வழங்குகிறது. உசிலம்பட்டி, செக்கானூரணி, சோழவந்தான் பக்கத்து இளைஞர் பலர் பத்தாம் வகுப்பு முடித்தபின் நடத்துநர் உரிமத்தை எடுத்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைப்பது வழக்கமாதலால், இவ்வட்டாரத்தில் முதலுதவி வகுப்பில் ஒருமுறையேனும் அமர்ந்தவர்களின் தொகை மற்ற வட்டாரங்களைவிட அதிகமாக இருக்கக்கூடும். இது பெரும் வாய்ப்பு. சட்டத்தை வகுத்தவர்களின் தொலைநோக்கை எவ்வளவு போற்றினாலும் தகும். ஏனெனில் ஒரு பேருந்து என்பது நாள்தோறும் நூற்றுக்கணக்கான மனிதர் ஏறி இறங்கும் இடம். மயங்கி விழுவோரும், வலிப்பு வருவோரும், படிக்கட்டிலிருந்து தவறுவோரும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வோரும் அங்கே உண்டு. ஒவ்வொன்றுக்கும் முதலில் அழைக்கப்படுபவர் நடத்துநர்.

அவர் அந்தச் சான்றைப் பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருக்கலாம். மார்பு அழுத்தம், அதாவது துடிப்பு நின்றவரின் நடுமார்பில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தி விடுவிக்கும் முறை, மிதிவண்டி ஓட்டுவதைப் போல ஒருமுறை பழகினால் உடலோடு தங்கிவிடும் திறன் அன்று. பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே ஆழமும் வேகமும் குறைந்துவிடுகின்றன என்பதை மருத்துவக் கல்வியாளர் பலமுறை கண்டறிந்துள்ளனர். உரிமம் புதுப்பிக்கப்படுகிறது, கை புதுப்பிக்கப்படுவதில்லை. இக்குறைக்கு நடத்துநரைப் பொறுப்பாக்குவது அநீதி. நெரிசலில் சீட்டுக் கிழித்து, சில்லறைக்கு வழக்காடி, இரவுப் பேருந்தைக் கொண்டுபோய்ப் பணிமனையில் விடும் ஒருவருக்கு, ஆண்டுக்கு அரை நாள் ஊதியத்துடன் கூடிய மறுபயிற்சி அளிக்க வேண்டிய கடமை அவரைப் பணியில் அமர்த்தியவர்களுடையது. பயிற்றுநரை அனுப்பும் கடமை தொண்டு அமைப்பினுடையது.

மறுபயிற்சி வேண்டும் என்பதற்குக் கைப்பழக்கம் தேய்வது ஒரு காரணம் என்றால், முதலுதவி அறிவே மாறிக்கொண்டிருப்பது மற்றொன்று. இத்துறையின் வரலாறு, நேற்றைய பாடத்தை இன்று திருத்திக்கொண்டதன் வரலாறாகும். மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தும் முறைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கையேடுகளில் இடம்பெற்றிருந்தன. 1950களில் வாயோடு வாய் வைத்து ஊதும் முறையும், 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மார்பு அழுத்த முறையும் வந்தபின் அவை கைவிடப்பட்டன. பாம்புக்கடியில் நேர்ந்த மாற்றம் இன்னும் பெரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடிவாயைக் கீறிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகங்களைத் தேய்க்கும் முறையை ஆங்கில மருத்துவர்களே பரிந்துரைத்தனர். அதற்கெனச் சிறிய கத்தியும் படிகமும் அடங்கிய குப்பிகள் இந்தியாவில் பரவலாக வழங்கப்பட்டன. இன்று கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுக்கிக் கயிறு கட்டுவதும் தீங்கு என்பது உறுதியாகிவிட்டது. இறுகக் கட்டிய காலில் இரத்தவோட்டம் நின்று தசை அழுகுவதும், மருத்துவமனையில் கட்டை அவிழ்த்த கணத்தில் தேங்கிய நஞ்சு ஒருசேர உடலெங்கும் பரவுவதும் பல உயிர்களையும் பல கால்களையும் கொண்டுபோயின.

மதுரையை அடுத்த நாகமலைத் தொடரின் பாறைச் சரிவும் அதன் இருபுறத்து வயலும் கண்மாயும் நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைக்கும் ஏற்ற நிலமாதலால், இவ்வட்டாரத்தில் இப்பாடம் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கக்கூடும் என்பது 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. கடிபட்டவரைத் தேற்றுதல், நடக்கவிடாமல் கடிபட்ட உறுப்பை அசையாது வைத்தல், மோதிரம் மெட்டி போன்றவற்றை வீக்கம் வருமுன் கழற்றுதல், நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுதல், வழியில் கண்ட அறிகுறிகளை மருத்துவரிடம் கூறுதல் ஆகிய இவ்வளவே இன்றைய முதலுதவி. பாம்பைத் தேடி அடிப்பதில் போகும் நேரமும், மந்திரிக்கவும் வேர் கட்டவும் செல்லும் நேரமும் மருந்தின் நேரத்திலிருந்து கழிக்கப்படுபவை. கட்டுவிரியனின் கடி சில சமயம் வலியோ வீக்கமோ காட்டாது, இமை சொருகுவதும் பேச்சுக் குழறுவதும் பின்னரே தெரியும் என்பதால், தரையில் படுத்துறங்கி விடியலில் வயிற்றுவலியோடு எழுந்தவரைச் சாதாரண நோயாளியாக எண்ணிக் காத்திருத்தல் ஆகாது. நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையைச் செப்பனிடும் பெண்களுக்கு, வேலை தொடங்குமுன் இதைச் சொல்லித்தரக் கால்மணி நேரம் போதும்.

அன்பினால் செய்யப்படும் தவறுகள் இன்னும் பல. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிப்பது தமிழகமெங்கும் காணப்படும் வழக்கம். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்குவதால் இரும்புக்கு அந்தப் புகழ் வந்து சேர்ந்தது. அந்நேரத்தில் வேண்டுவது, சுற்றியுள்ள கல்லையும் நாற்காலியையும் அப்புறப்படுத்தி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, உமிழ்நீர் மூச்சுக்குழாயை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடத்தைக் கடக்கிறதா எனக் கவனிப்பதாகும். விபத்தில் அடிபட்டவருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பதும் அவ்வாறே. அரை நினைவில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கக்கூடும், அறுவை தேவைப்படுபவருக்கு மயக்க மருந்து கொடுப்பதில் இடையூறாகவும் அமையும். தீக்காயத்தில் பற்பசையும் மாவும் மையும் தடவுவதற்கு மாற்றாக இருபது நிமிடம் குழாய் நீரில் காட்டுதல், கிணற்றிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகச் சுழற்றுவதற்கு மாற்றாக உடனே வாயில் ஊதி மார்பை அழுத்துதல், விஷம் உட்கொண்டவரை வாந்தியெடுக்கத் தூண்டாமல் மருத்துவமனைக்கு விரைதல் என இப்பட்டியல் நீளும். ஊராரின் பரிவைக் குறைத்து மதிப்பிடுவது இதன் நோக்கமன்று; சோடாவை உடைக்க ஓடும் அந்தக் கால்களே முதலுதவிக்கு மூலதனம்.

படைப்பிரிவின் களப்பணி, அதாவது கூட்டம் கூடும் இடங்களில் சீருடைத் தன்னார்வலர் நிற்கும் பணி, மதுரைக்கு மிகவும் பொருந்துவது. சித்திரைப் பௌர்ணமியில் அழகர் வைகையில் எழுந்தருளும் விடியலில் ஆற்றின் இரு கரையும் மனிதத் தலைகளாகவே தோன்றும். அவ்வழியெங்கும் அமையும் தண்ணீர்ப் பந்தல்கள், வெயில் மயக்கத்திற்கு இவ்வூர் தானே கண்ட முதலுதவி நிலையங்கள் என்று கொள்வதில் பிழையில்லை; நீர்மோரில் கலந்த உப்பு, வியர்வையில் இழந்த உப்பை ஈடுசெய்கிறது. ஆயினும் 2022 ஏப்ரலில், பெருந்தொற்றால் இரண்டாண்டுகள் பக்தரின்றி நடந்த விழா மீண்டும் திறந்துவிடப்பட்டபோது ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். நெரிசலில் இறப்போரில் பலர் மிதிபடுவதற்கு முன்பே, நின்ற நிலையில் மார்பு விரிய இடமின்றி மூச்சடைத்து இறக்கின்றனர். ஆதலால் கூட்டத்தின் ஊடே வழி திறந்து வைப்பதும் முதலுதவியின் ஒரு பகுதியே. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழாவில் செயின்ட் ஜான் முதலுதவிப் படையினரும் செஞ்சிலுவைத் தொண்டரும் நாள்தோறும் நின்று பணியாற்றும் முறை, அழகர் திருவிழாவுக்கும், தை மாதத்து அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டுகளுக்கும் எடுத்துக்கொள்ளத்தக்க முன்மாதிரியாகும். சல்லிக்கட்டுக் களத்தில் அரசு மருத்துவக் குழு இருப்பது கட்டாயம். ஆனால் பார்வையாளர் நிற்கும் தெருக்களிலும் காளைகள் வெளியேறும் பாதையிலும், குத்துப்பட்ட வயிற்றிலிருந்து வெளிவந்த குடலை உள்ளே தள்ளாமல் ஈரத்துணியால் மூட வேண்டும் என்பதை அறிந்த ஓர் உள்ளூர்க் கை வேண்டும்.

வீட்டுச் செவிலியம் இவ்வமைப்பின் மற்றொரு பாடம். படுக்கையில் கிடக்கும் முதியவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், படுக்கையை மாற்றுதல், உணவூட்டுதல் ஆகியவற்றை வீட்டாருக்குக் கற்பிக்கும் இப்பாடம் முதலுதவியின் நிழலில் மறைந்தே கிடக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் பிழைக்க, முதியோர் மட்டும் எஞ்சியுள்ள கிராமங்களில் இதன் தேவை பெருகிவருகிறது. மதுரையில் தோன்றி வளர்ந்த களஞ்சியம் போன்ற மகளிர் குழு இயக்கங்களின் கூட்டங்கள் இதற்கு ஆயத்தமான வகுப்பறைகளாக அமையும்.

உதவ முன்வருவோரைத் தடுத்துவந்த அச்சம் பெரும்பாலும் சட்டத்தைப் பற்றியதாகவே இருந்தது. அடிபட்டவரைத் தொட்டால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரும் என்னும் எண்ணம் தலைமுறை தலைமுறையாகப் பதிந்துவிட்டது. அவசர சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு சேவ்லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2016இல் அந்நீதிமன்றமே சட்ட வலு அளித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 134ஏ பிரிவில் நல்லெண்ணத்தோடு தாமாக உதவியவர்மீது உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எதுவும் எடுக்கலாகாது என்றும், வரையறைப் பிரிவில் விபத்து நேர்ந்தபின் வரும் ஒரு மணிநேரமே ‘பொன்னான நேரம்’ என்றும் எழுதிவைத்தது. பெயரைக்கூட அவர் விரும்பினால் மட்டுமே சொன்னால் போதும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஊர்திச் சேவையும், 2021 டிசம்பர் முதல் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணிநேரச் சிகிச்சையை இலவசமாக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் உள்ளன. சட்டமும் ஊர்தியும் பணமும் அரசால் ஏற்பாடு செய்யப்பட்டுவிட்ட நிலையில், விபத்து நேர்ந்த கணத்திற்கும் ஊர்தி வரும் கணத்திற்கும் இடைப்பட்ட வெற்றிடம் மட்டுமே தொண்டு அமைப்புக்கென விடப்பட்டுள்ளது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே, 64,105 விபத்துகளோடு, முதலிடத்தில் இருந்தது. 17,884 பேர் இங்கே மாண்டனர். அந்த வெற்றிடம் எத்துணை அகலமானது என்பதை இவ்வெண்களிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

நாகமலை புதுக்கோட்டை அவ்வெற்றிடத்தின் ஓரத்திலேயே அமைந்துள்ள ஊர். மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலை ஊரின் நடுவே செல்ல, காஷ்மீரத்தையும் குமரியையும் இணைக்கும் நான்குவழிச் சாலை அதன் அருகே குறுக்கிடுகிறது. பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரும், பல்கலை நகருக்கும் கல்லூரிகளுக்கும் செல்லும் மாணவரும், செக்கானூரணிச் சந்தைக்குச் செல்லும் உழவரும் இந்தச் சாலைகளையே நம்பியுள்ளனர். நகரின் பெரிய மருத்துவமனையோ வைகைக்கு அப்பால், கோரிப்பாளையத்தை அடுத்து, நெரிசல் மிகுந்த தெருக்களின் மறுமுனையில் இருக்கிறது. மற்றொரு புறம், ஒரு பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் பள்ளிகளும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பது வேறெந்தச் சிற்றூருக்கும் எளிதில் வாய்க்காத பேறு. பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவையும், கல்லூரிகளில் இளையோர் செஞ்சிலுவையும் நாட்டு நலப்பணித் திட்டமும் ஏற்கெனவே உள்ளன. அவற்றின் ஆண்டறிக்கைகளில் முகாம்களின் எண்ணிக்கையும் பங்கேற்றோரின் எண்ணிக்கையும் இடம்பெறுகின்றன. சென்ற ஆண்டு பயிற்சி பெற்றவர்களுள் இவ்வாண்டு மீண்டும் பொம்மையின் மார்பை அழுத்திப் பார்த்தவர் எத்தனை பேர் என்னும் கணக்கு இடம்பெறுவதில்லை. அந்த ஒரு நிரலைச் சேர்த்தாலே முகாம்களின் தன்மை மாறத் தொடங்கும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மார்பு அழுத்தம் பழகுவதற்கான பொம்மைகள் இரண்டு, முக்கோணத் துணிகள் சில, மூங்கில் பத்தைகள், ஆண்டுக்கு இருமுறை வந்து திருத்தம் சொல்லும் மருத்துவர் ஒருவர் எனக் கல்லூரிதோறும் ஒரு சிறிய பயிற்சி அறை அமைந்தால், அங்கே தேறிய மாணவர்கள் தாமே பயிற்றுநராகி, சாலைச் சந்திப்பிலுள்ள ஆட்டோ நிறுத்தத்துக்கும், இரவு முழுதும் திறந்திருக்கும் தேநீர்க் கடைகளுக்கும், பெட்ரோல் நிலையங்களுக்கும் செல்லலாம். முதலில் கற்பிக்க வேண்டியது கட்டுப்போடுவதைக்கூட அன்று. தலைக்கவசத்தோடு விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கித் திணிக்கும் வழக்கத்தை நிறுத்துவதே முதற்பாடம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கில் தண்டுவடம் அறுந்து, பிழைத்திருக்க வேண்டியவர் ஆயுள் முழுதும் அசைய முடியாதவராகிவிடுவார். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, பீறிடும் இரத்தத்தின்மேல் துண்டை மடித்து வைத்து அழுத்திக்கொண்டே, தலையையும் கழுத்தையும் உடலோடு நேர்கோட்டில் ஒருவர் பிடித்திருக்க, மற்றொருவர் 108ஐ அழைத்து, தேனிச் சாலையா நான்குவழிச் சாலையா, எந்தத் திசை, எந்தப் பாலத்தருகே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் ஊர்தி எதிர்ப்புறப் பாதையில் சென்று, அடுத்த திருப்பம் வரை போய் மீண்டு வருவது நான்குவழிச் சாலைகளில் நேரும் பெரிய காலவிரயம். ஆகையால் சந்திப்பின் இருமருங்கிலும் உள்ள கடைகளில், அவ்விடத்தின் கிலோமீட்டர்க் கல் எண்ணையும் திசையையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டும் வேலையை, பயிற்சி பெற்ற முதல் மாணவர் குழு வரும் பருவத்திலேயே செய்து முடிக்கலாம்.